பாய் நகர்ந்த இருபத்தோரு நாள்

கிடங்கில் அவரை எல்லோரும் ரிவர்ஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட். முன்னால் இரண்டு இரும்பு நாக்குகளை நீட்டிக்கொண்டு, பலகைமேல் அடுக்கிய பெட்டிகளை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடுமே, அந்த வண்டி. பெட்டி அடுக்கு ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால் ஓட்டுகிறவருக்கு முன்னால் அட்டைச் சுவர்தான் தெரியும். அப்போது வண்டியைப் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. உயரமான அடுக்கு எது வந்தாலும், "ரிவர்ஸ் அண்ணன்கிட்ட விடு" என்று ஒதுங்கிக்கொள்வது மற்றவர்களின் வழக்கம். ஆகவே இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் முன்னோக்கிப் போன தூரத்தைவிடப் பின்னோக்கிப் போன தூரம்தான் அதிகம்.

அவர் ஓட்டுகிற விதமும் எல்லோருக்கும் மனப்பாடம். இடது கை ஸ்டியரிங் குமிழில். வலது கை வண்டிக் கூரையைத் தாங்கும் பின்தூணின் பிடியில். பார்வை வலது தோளுக்கு மேலே. இப்படியே ஒரு சிலைபோல, கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து நிற்பார்.

ஒருநாள் காலை, வண்டியின் இடது பின்முனை ஒரு இரும்புத் தூணில் உரசிவிட்டது. தூணுக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுமைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் பெயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் பாதுகாப்பு அதிகாரி புதிதாக வந்தவர், இளைஞர், எதையும் எழுதி வைக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர்கள் எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்க்கும் சோதனையில் தேற வேண்டும் என்று அடுத்த வாரமே அறிவிப்பு ஒட்டிவிட்டார். நம்மவருக்கு ஐம்பத்து மூன்று.

சோதனை நர்ஸம்மாவின் அறையில் நடந்தது. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, எண் எழுதிய ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார் நர்ஸம்மா.

"வலது பக்கமா திரும்பிப் படிங்க."

"அறுபத்து நாலு. நாலு கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"இப்ப இடது பக்கம்."

அவர் திரும்பினார். தலை தோளுக்கு நேராக வந்ததும் துருப்பிடித்த கீல்போல நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முயன்றார். மருந்து அலமாரியின் ஓரம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"அட்டையப் பிடிச்சிருக்கீங்களா?" என்றார்.

"பிடிச்சிருக்கேன்."

"நெஜமா?"

"அண்ணே, கை வலிக்குது. படிக்கிறீங்களா, இறக்கட்டுமா?"

இறக்கத்தான் வேண்டியிருந்தது. நர்ஸம்மா எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "முப்பத்தஞ்சு நாள் டைம் தர்றேன். அடுத்த சோதனை இந்த ரூம்ல இல்ல, வண்டியிலேயே, பெல்ட் போட்டுக்கிட்டு. அதுல வரலைன்னா லேபிள் மேசைக்கு மாத்தணும்னு சார் எழுதியிருக்கார்." பிறகு இழுப்பறையிலிருந்து படம் அச்சடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தரையில் உட்கார்ந்த ஒருவர் ஒரு காலை மடக்கி மறுகாலைத் தாண்டி வைத்து, முதுகைப் பிழிந்த துணிபோலத் திருகிக்கொண்டிருந்தார். "தினமும் காலையில இத ரெண்டு பக்கமும் செய்யுங்க. யோகாவுல இதுக்கு நீளமா ஒரு பேர் இருக்கு. அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கு நாக்கும் சுளுக்கிக்கும். வேணாம், படத்தப் பாத்துச் செய்யுங்க."

லேபிள் மேசை என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அந்த மேசைக்குத் தலைவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. நான்கு வருடங்களுக்கு முன்னால் இவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வேலையில் சேர்த்துவிட்ட பையன். முதல் ஒரு மாதம் "லேபிள் கோணலா ஒட்டியிருக்கு, எங்க பார்வை?" என்று அவனை ஓட ஓட விரட்டியவரும் இவர்தான். அவனுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பசை தடவுவதா?

விஷயம் பசையைவிட வேகமாகப் பரவிவிட்டது. மதியம் சாப்பிடும் இடத்தில் மச்சினன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, கேள்விப்பட்டேன். கவலப்படாதீங்க. ஜன்னலோர சீட்டு உங்களுக்குத்தான்."

"போடா."

"குஷன் வேணுமா, வேணாமா? இப்பவே சொல்லிட்டா எழுதிப் போட்டுடுவேன்."

"சாப்பிட விடுறியா?"

"சரி, குஷனோட எழுதிடுறேன்."

அன்று சாயங்காலமே அவர் ஒரு பாய் வாங்கினார். வழக்கமான கோரைப் பாய் அல்ல, ரப்பர் மாதிரி சுருட்டக்கூடியது, நீல நிறம். படுக்கையறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, ஜன்னலைப் பார்த்தபடி விரித்தார். எந்த வேலையையும் முறையாகச் செய்கிறவர் அவர். செய்தால் மட்டும் போதாது, எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கிடங்கில் வீணாகிப்போன சின்னச் சின்ன ஒட்டுத்தாள்கள் ஒரு கட்டு சட்டைப்பையில் கிடந்தன. பயிற்சியின்போது திரும்பிய நிலையில் கண்ணுக்கு எட்டிய கடைசி இடம் எதுவோ, அங்கே தேதி எழுதி ஒரு தாளை ஒட்டிவிடுவது. முதல் நாள் தாள் இடது பக்கக் கதவு நிலையில் ஒட்டப்பட்டது. அங்கிருந்து மூலை, மூலையிலிருந்து பின்சுவர், பின்சுவரின் நடுவே மின்விளக்கு சுவிட்ச் பலகை. "சுவிட்ச் பலகை தெரிஞ்சிட்டா அட்டையும் தெரியும்" என்று தனக்குத் தானே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டார்.

அளவு மாறக்கூடாது என்பதற்காக இன்னொரு கட்டளையும் போட்டார். "இந்தப் பாய யாரும் சுருட்டக்கூடாது, நகத்தக்கூடாது. போட்டது போட்டபடியே கிடக்கட்டும்."

"அப்ப நான் எப்படிப் பெருக்குறது?" என்றாள் மனைவி.

"சுத்திப் பெருக்கு."

மனைவி துணிக்கடைகளுக்கு அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிறவள். முன்னறையில் தையல் மெஷின். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு மணியாகும். வீட்டில் இரண்டு பேருக்கு முதுகு இருக்கிறது, ஆனால் ஒருவருடைய முதுகுக்குத்தான் பாய் வாங்கியிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சுற்றிப் பெருக்கினாள்.

தினமும் ஐந்தரை மணிக்கு எழுந்து அவர் பாயில் உட்காருவார். வலது காலை நீட்டுவார். இடது காலை மடக்கி, பாதத்தை வலது முட்டிக்கு அந்தப் பக்கம் வைப்பார். வலது முழங்கையை இடது முட்டியில் முட்டுக்கொடுப்பார். இடது கையைப் பின்னால் ஊன்றுவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவைத் தள்ளுகிறவர்போல ஒரு தள்ளு. கழுத்து நரம்பு புடைக்கும். கண் சுவரைத் துழாவும். எட்டிய இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு எழுந்துபோய்த் தாளை ஒட்டுவார். வலது பக்கம் செய்யவே இல்லை. தாளில் இரண்டு பக்கமும் என்றுதான் போட்டிருந்தது. "வலது பக்கம் எனக்குச் சொந்த வீடு மாதிரி. அங்க போய் என்ன பழகுறது?" என்று அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் பலன் தெரிந்தது. தாள்கள் தினமும் ஒரு விரல், இரண்டு விரல் என்று முன்னேறின. பத்தாம் நாள் மூலையைத் தாண்டின. பதினைந்தாம் நாள் பின்சுவரில் ஏறின. இருபத்தோராம் நாள், ஒரு விடுமுறை நாள், சுவிட்ச் பலகை முழுசாகத் தெரிந்தது. மூன்று சுவிட்சும் தெரிந்தன. அவர் பாயில் உட்கார்ந்தபடியே கூவினார்.

"இங்க வா! உன் தம்பியவும் கூட்டிட்டு வா!"

மச்சினன் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அக்கா கொடுத்த டீயைக் கையில் பிடித்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றான். அவளும் வாயில் கடித்த நூலோடு வந்தாள்.

"பாருங்க. இப்படி உக்காந்தபடியே சுவிட்ச் பலகை தெரியுது. உன் குஷன நீயே வச்சுக்கோ."

மச்சினன் ஒரு வாய் டீ குடித்தான். சுவரில் வரிசையாக ஒட்டிய தாள்களைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க திரும்புற மாதிரி தெரியல. ரூமுதான் திரும்பி நிக்கிற மாதிரி இருக்கு."

"பொறாமை."

ஆனால் மனைவி சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சதுரச் சதுரமான தரை ஓடுகள். ஓடும் ஓடும் சேருகிற கோடு கதவடியிலிருந்து நேராக ஜன்னல் சுவர் வரை ஓடுகிறது. துணியில் கோணல் எங்கே என்று தேடித் தேடியே பழகிய கண் அவளுக்கு. நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏங்க, மொதல் நாள் பாயோட ஓரம் இந்தக் கோட்டு மேல இருந்துச்சுல்ல?"

"ஆமா. கோடு பாத்துத்தான் விரிச்சேன்."

"இப்ப எங்க இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். பாயின் முன்முனை கோட்டைவிட்டு இரண்டு ஓடு தள்ளிப் போயிருந்தது.

"நீங்க மொத நாள் ஜன்னலப் பாத்து உக்காந்தீங்க. இப்ப பாதிவழி கதவப் பாத்து உக்காந்திருக்கீங்க" என்றாள் அவள். "ஒவ்வொரு தடவ தள்ளும்போதும் உங்க இடுப்பும் சேந்து திரும்புது. பாயும் கூடவே நகருது. யாரும் தொடக்கூடாதுன்னு வேற சொல்லிட்டீங்க. நானும் தொடல."

மச்சினன் பெரிதாகச் சிரித்து டீயைச் சிந்திவிட்டான். அவன் அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. துணி எடுத்துவந்து துடைக்கப் போய்விட்டான்.

அவர் பாயை இழுத்துக் கோட்டில் பொருத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இடுப்பை அசையாமல் வைத்துக்கொண்டு திரும்பினார். பார்வை கதவு நிலையைத் தாண்டி நான்கு விரல் போயிற்று. அதற்குமேல் நகரவில்லை. இருபத்தோரு நாளில் நான்கு விரல். மீதமிருப்பது பதினான்கு நாள். அவர் அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், விடை மாறவில்லை.

"சரி. லேபிள் மேசதான்" என்றார் மெதுவாக.

"எந்திரிங்க" என்றாள் மனைவி.

"எங்க?"

"சமையக்கட்டுக்கு. ஸ்டூல்ல உக்காருங்க. சட்டையக் கழட்டுங்க, பனியன் போதும்."

அவள் மெஷின் மேசையிலிருந்து தையல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துவந்தாள். அவர் கழுத்தடியிலிருந்து பனியன் நடுவே நேராக ஒரு கோடு இழுத்தாள். அதை இடுப்பில் நிறுத்தாமல் பேன்ட்டின் பின் நடுத்தையல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். "பனியன் உடம்போட ஒட்டிக்கிட்டிருக்கிற துணி. பொய் சொல்லாது. மேல் கோடு திரும்பணும், கீழ்க் கோடு அப்படியே நிக்கணும். ரெண்டும் எவ்வளவு விலகுதோ, அவ்வளவுதான் நீங்க திரும்பினது. எங்க, மொதல்ல உங்க சொந்த வீட்டுப் பக்கம் திரும்புங்க."

அவருக்கு அதில் கொஞ்சம் தெம்பு வந்தது. வலது பக்கம், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், கம்பீரமாகத் திரும்பினார். பின்னால் இருந்த பாத்திர அலமாரி முழுவதும் தெரிந்தது.

"எப்படி?"

ஸ்டூலில் அவருடைய இடது பக்கத்துக்கு அடியில் ஏதோ நுழைந்தது. அது அவளுடைய கை.

"என் கை முழுசா உள்ள போகுதுங்க. இந்தப் பக்கம் நீங்க உக்காரவே இல்ல. எந்திரிச்சு நிக்கிறீங்க."

"என்ன சொல்ற?"

"கோடு ரெண்டு விரல்தான் விலகியிருக்கு. மீதியெல்லாம் பேன்ட்டோட சேந்து திரும்பினது. இப்ப இடது பக்கம்." அவர் திரும்பினார். அவள் அளந்தாள். "மூணு விரல்."

"அப்ப..."

"உங்க நல்ல பக்கம்தான் மோசமான பக்கம்."

அவர் யோசித்துப் பார்த்தார். வலது கை பின்தூணின் பிடியை இழுக்கும், இடது புட்டம் இருக்கையைவிட்டு எழும்பும், உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாகத் திரும்பும். இத்தனை வருடமும் அப்படித்தான். பெல்ட்டைத் தளர்த்திப் போடுவதும் அதற்காகத்தான் என்று இப்போதுதான் புரிந்தது. சோதனையிலோ பெல்ட்டை நர்ஸம்மாவே இறுக்கிப் போடுவார். இடது பக்கம் மட்டுமல்ல, வலது பக்கமும் போயிருக்கும்.

வருத்தப்பட வேண்டிய நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். "இருபத்திரண்டு வருஷமா எந்திரிச்சு நின்னே வண்டி ஓட்டியிருக்கேன்!"

"அதுக்குத்தான் உங்களுக்கு ரிவர்ஸ்னு பட்டம் வேற" என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து எல்லாம் அவள் சொன்னபடி நடந்தது. முதல் வேலையாகச் சுவரில் இருந்த தாள்களை எல்லாம் உரித்து எடுத்தாள். ஒரு கம்பளியை நான்காக மடித்துப் பாயின்மேல் போட்டாள். "இதும்மேல உக்காருங்க. அடிமுதுகு கூன் போடாம நிமிரும். கூன் போட்ட முதுக எப்படித் திருப்புறது?"

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அந்தத் தாள்ல ரெண்டாவது வரியிலேயே எழுதியிருக்கு. நீங்க படத்த மட்டும்தானே பாத்தீங்க."

அவர் கழுத்தை முறுக்கத் தொடங்கியதும் அவள் தோளில் தட்டினாள். "பேன்ட் கால் முறுக்கிக்கிட்டா நான் கீழ் ஓரத்தப் பிடிச்சு இழுக்க மாட்டேன். மேல, இடுப்புப் பக்கத்துல பிரிச்சுத்தான் சரி பண்ணுவேன். கழுத்தப் பிடிச்சு ஏன் இழுக்குறீங்க? தொப்புளுக்குக் கீழேர்ந்து ஆரம்பிங்க. தல கடைசியில வரட்டும். கண்ண மூடுங்க."

"கண்ண மூடினா எவ்வளவு திரும்பினேன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

இதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இருட்டில் படியிறங்குகிறவர்போல ஒரு தவிப்பு. மூச்சை இழுத்து நிமிர வேண்டும், மூச்சை விடும்போது திரும்ப வேண்டும். அவரோ கனமான பெட்டியைத் தூக்குகிற பழக்கத்தில் மூச்சை அடக்கிவிடுவார். "விடுங்க" என்பாள் அவள். "விட்டேன்." "இன்னும் உள்ள இருக்கு." அவர் விடுவார். விட்டதும், யாரோ உள்ளே ஒரு முடிச்சைத் தளர்த்தியதுபோல, விலா எலும்பு ஒரு நூல் நகரும். முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். இரண்டு புட்டமும் கம்பளியில் அழுந்தியிருக்கின்றனவா என்று மட்டும் அவள் கையை வைத்துப் பார்ப்பாள்.

ஐந்தாம் நாள் அவர் பிடிபட்டார். கட்டில் காலில் பென்சிலால் பொடியாக மூன்று கோடுகள்.

"இது என்ன?"

"எது?"

"கட்டில் கால்ல."

"கறையான் அரிச்சிருக்கும்."

"கறையான் தேதி போட்டு அரிக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தாள். பிறகு போகாமல் நின்றாள். பாயின் மறுமுனையில், அவருக்கு எதிரே, தானும் உட்கார்ந்தாள். "தள்ளி உக்காருங்க. எனக்கும்தான் கழுத்து பிடிச்சுக்குது. நீங்க அளக்கிறதுக்குக் காவல் இருந்து இருந்தே என் முதுகு போயிடும்."

அதற்குப் பிறகு தினமும் இரண்டு பேராகத்தான் செய்தார்கள். இடம் குறுகலானது. அவர் கால் கட்டிலில் இடிக்கும், அவள் முழங்கை கதவில் இடிக்கும். ஒரே நேரத்தில் மூச்சை விட்டு ஒரே நேரத்தில் திரும்பினார்கள். யாராவது எட்டிப் பார்த்திருந்தால் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த அமைதி அவருக்குப் பிடித்துப்போயிற்று. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, எவ்வளவு திரும்பினோம் என்று கேட்க மறந்துவிட்டோம் என்பது டீ குடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

கடைசி ஞாயிறு மச்சினன் வந்தான். அவன் கையில் உண்மையாகவே ஒரு குஷன் இருந்தது. மாமாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னான்: "மேசைக்கு இல்ல மாமா, வண்டிக்கு. அந்த சீட்டு நடுவுல பள்ளமாயிருக்கு, நானே பாத்தேன். பள்ளத்துல உக்காந்து நீங்க எப்படி நிமிருவீங்க?"

"என்னடா திடீர்னு இவ்வளவு அக்கற?"

"அக்கறையெல்லாம் எனக்காகத்தான். நீங்க மேசைக்கு வந்தா ஒவ்வொரு லேபிளையும் ஸ்கேல் வச்சு ஒட்டுவீங்க. எங்கள நிமிரவிடுவீங்களா? பசங்க எல்லாரும் நீங்க பாஸாகணும்னு வேண்டிக்கிட்டிருக்காங்க."

அக்கா சிரித்தபடி அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அவர் குஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வண்டியைக் கிடங்கின் நடுப்பாதையில் நிறுத்தினார்கள். சுமை ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். நர்ஸம்மா பெல்ட்டை இழுத்து, இழுத்தது போதாதென்று இன்னொரு தடவையும் இழுத்து மாட்டினார். "எந்தப் பிடியையும் பிடிக்கக்கூடாது. ரெண்டு கையும் தொடையில."

பாதுகாப்பு அதிகாரி அட்டையோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். கூட்டத்தில் ஒருவன், "அண்ணே, கண்ணாடி வேணுமா?" என்றான். இன்னொருவன் அவனை அடக்கினான்.

"இடது பக்கம்."

அவர் உடனே திரும்பவில்லை. முதலில் நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். பெல்ட் இடுப்பைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அது இப்போது அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை, மனைவியின் கை கீழே இருப்பதுபோல இருந்தது. மூச்சை விட்டார். வயிறு, விலா, தோள், கடைசியில் தலை. நர்ஸம்மாவின் அறையில் கீல் துருப்பிடித்து நின்ற இடம் வந்தது, போனது. மஞ்சள் தூண் தெரிந்தது. பிறகு ஒரு சட்டைக்கை. பிறகு அட்டை.

"எழுபத்தொண்ணு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

"வலது பக்கம்."

நிமிர்ந்தார். இழுத்தார். விட்டார். இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான். இரண்டாவது மூச்சு தேவைப்பட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். மச்சினன் எங்கோ நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான் என்று அவருக்குத் தெரியும்.

"முப்பத்தெட்டு" என்றார். பிறகு, "சார், உங்க வலது ஷூவுல லேஸ் அவுந்து கெடக்கு."

அதிகாரி குனிந்து பார்த்தார். அவிழ்ந்துதான் கிடந்தது. ஒரு முனை சேற்றுத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பக்கமும் சரியா படிச்சிட்டாரு. பாஸ்" என்று நர்ஸம்மா எழுதத் தொடங்கினார். "அண்ணே, வண்டிய எடுக்கலாம்."

அவர் சாவியைத் தொடவில்லை. "லேஸ் அவுந்த ஆள் பின்னால நிக்கும்போது வண்டிய நகத்தக்கூடாதும்மா. சுவத்துல சார் ஒட்டியிருக்கிற பேப்பர்ல ஒம்பதாவது விதி."

கிடங்கே கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையில் ஒரு முட்டியை ஊன்றி, அத்தனை பேர் பார்க்க லேஸை இரட்டை முடிச்சாகக் கட்டினார். கட்டி முடித்து ஒதுங்கிய பிறகுதான் வண்டி உறுமியது.

உயரமான அடுக்கு ஒன்று அவருக்காகக் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. இரும்பு நாக்குகளை அடியில் செலுத்தித் தூக்கினார். முன்னால் அட்டைச் சுவர் எழும்பியது. ஹாரன் அடித்துவிட்டுப் பின்னோக்கி ஓட்ட ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் வலது தோளுக்கு மேலேதான் பார்த்தார். பாதித் தூரத்தில் பாதை வளைகிற இடம் வந்ததும் வண்டியை நிறுத்தினார், நிமிர்ந்தார், மூச்சை விட்டு இடது பக்கம் திரும்பினார்.

அந்தப் பக்கத்தை வண்டியிலிருந்து அவர் முன்பு பார்த்ததே இல்லை. அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலில் வெயில் விழுந்தது. அதற்கு முன்னால் நீளமாக ஒரு மேசை, ஐந்தாறு பேர், லேபிள் சுருள்கள். மச்சினன் சோதனை இடத்திலிருந்து ஓடிவந்து இரைக்க இரைக்க நின்றுகொண்டிருந்தான். இவர் கண் தன்மேல் பட்டதும் இரண்டு கையையும் தூக்கினான்.

"நாலு வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன் மாமா! ஒருநாளாவது இந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

பின்னோக்கி ஓட்டும்போது பேசக்கூடாது, அது பதினோராவது விதி. சின்னதாக ஒரு ஹாரன் மட்டும் அடித்தார். பார்வையை எடுக்காமல், மேசையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, மெதுவாக வண்டியை வளைத்துக்கொண்டு போனார்.